கால்வாய்க் கரையில் ஆலை ஏன் வந்தது: ஒரு நகர நீர்வழியை மாதிரியாக்கும் கணக்கு

ஒரு தொழில் நகரத்தின் பழைய வரைபடத்தில் ஆலைகளைப் புள்ளியிட்டுப் பாருங்கள். கால்வாய் ஓரமாக அவை மொய்த்துக் கிடக்கும். அதைக் கண்டதும் கை பரபரக்கும். ஒவ்வொரு ஆலையிலிருந்தும் கால்வாய்க்கு எவ்வளவு தூரம் என்று அளந்து, வேலையாட்களின் எண்ணிக்கையோடு பொருத்தி, தூரம் மாறும்போது தொழில் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் கெழுவைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். கெழுவும் அழகாகவே வரும். தூரம் கூடக் கூடத் தொழில் குறைகிறது என்று சொல்லும். ஆனால் ஏன் குறைகிறது, நாளை இன்னொரு கால்வாய் வெட்டினால் என்ன ஆகும், இருப்பதைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் அந்தக் கெழுவிடம் பதில் இருக்காது.

காரணம், கால்வாய் செய்வது ஒரே வேலை இல்லை. அது சரக்கைச் சுமக்கிறது. உயர வேறுபாடு இருக்கும் இடத்தில் சக்கரத்தைச் சுற்றுகிறது. கொதிகலனுக்கும் சாயத்தொட்டிக்கும் குளிர்விப்புக்கும் நீர் தருகிறது. கழிவை வாங்கிக்கொள்கிறது. போகிற வழியில் தட்டையான, பெரிய மனைகளைத் திறந்துவிடுகிறது. இந்த ஐந்தும் வெவ்வேறு தூரத்துக்கு எட்டும், வெவ்வேறு வேகத்தில் மாறும். எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் நான்கும் ஒரே நீருக்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இந்த மல்லுக்கட்டைச் சேர்க்காத கணினி மாதிரி சில ஆண்டுகளுக்குச் சரியாக ஓடும், அப்புறம் தடம் புரளும்.

அமெரிக்காவின் லோவெல் நகரம் இதற்கு நல்ல சாட்சி. மெர்ரிமாக் ஆற்றின் அருவியைச் சுற்றிப் படகு போக 1796இல் பாட்டக்கெட் கால்வாய் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே, 1803இல், பாஸ்டனுக்கு நேராகப் போகும் மிடில்செக்ஸ் கால்வாய் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. போக்குவரத்து வழியாகப் பாட்டக்கெட் படுத்துவிட்டது. 1820களில் பஞ்சாலை முதலீட்டாளர்கள் அதே வாய்க்காலை வாங்கி, சுமார் 10 மீட்டர் நீர் வீழ்ச்சியை விசையாக மாற்றினார்கள். அதன்பிறகுதான் அங்கே ஒரு நகரமே எழுந்தது. கால்வாய் இருந்த இடம் மாறவில்லை, அதற்கும் சுற்றியுள்ள நிலத்துக்கும் இடையிலான தூரமும் மாறவில்லை. அது செய்த வேலை மாறியது. தூரத்தை மட்டும் மாறியாக வைத்த மாதிரிக்கு 1796க்கும் 1825க்கும் வித்தியாசம் தெரியாது.

சரக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகத் தவறு நடப்பது இங்கேதான். படகுக்கு ஒரு கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவு. சாலையில் ஒரு டன், இரண்டு டன் இழுக்கும் குதிரை, நீரில் 25 டன் குறுகிய படகை இழுத்துவிடும். ஆனால் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று இரு முனையிலும் ஒரு தொகை போகிறது. வண்டிக்கு அது அநேகமாக இல்லை. கணக்குக்காகச் சில அலகுகள் வைத்துக்கொள்வோம்: வண்டிக்கு டன்–கிலோமீட்டருக்கு 10, படகுக்கு 2, படகின் இரு முனைக் கூலி சேர்ந்து 24. இரண்டும் சமமாகும் தூரம் 24ஐ 8ஆல் வகுத்தால் வருவது, அதாவது 3 கி.மீ. அதற்குக் குறைவான பயணத்துக்குக் கால்வாய் பயன்படாது. எனவே நகரத்துக்குள்ளேயே நடக்கும் சரக்குப் போக்குவரத்தைக் கால்வாய்க் கணக்கில் ஏற்றினால் அதன் பலன் ஊதிப்போகும்.

இப்போது 15 கி.மீ. தள்ளியுள்ள சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். சுரங்க முனையில் ஏற்றுகூலி 12, பயணம் 30. ஆலைக்குச் சொந்தப் படகுத்துறை இருந்து, பாரந்தூக்கி நேராகக் கொதிகலன் அறைக்குள் கொட்டுமானால் இறக்குகூலி 3தான் என்று வைப்போம். மொத்தம் 45. பொதுப் படகுத்துறையிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஆலைக்கோ முழு இறக்குகூலி 12, வண்டிக்கூலி 0.5, மொத்தம் 54.5. 500 மீட்டர் தள்ளி இருப்பதற்கு 59. முதல் 50 மீட்டரில் செலவு 9.5 எகிறுகிறது, அடுத்த 450 மீட்டரில் 4.5தான் ஏறுகிறது. இது சரிவே இல்லை, படிக்கட்டு. வழக்கமாகப் போடும் வழுவழுப்பான அடுக்குக்குறி வளைவு இந்தப் படியை மழுங்கடித்துவிடும். கரையோர மனைக்கு ஒரு தனி மாறி, அதற்கு அப்பால் தெரு வழியாக அருகிலுள்ள துறைக்கு எவ்வளவு தூரம் என்று இன்னொரு மாறி. இரண்டும் வேண்டும்.

தெரு வழியாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால்வாயின் ஒரு கரையில் குதிரை நடக்கும் இழுவைப் பாதை இருக்கும். துறைகள் பெரும்பாலும் எதிர்க்கரையில்தான் அமையும், இழுவைக் கயிறு குறுக்கே வந்து இடிக்கக் கூடாது என்பதால். வரைபடத்தில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் மனை, அருகில் பாலம் இல்லாவிட்டால் 700 மீட்டர் சுற்றிப் போக வேண்டிய மனையாகிவிடும். நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டவர்களுக்கு ஒரு கரையில் ஆலையும் மறு கரையில் குடியிருப்பும் ஏன் என்பது புதிராகவே இருக்கும்.

கரை முகப்பு எல்லையற்றது இல்லை என்பதையும் மாதிரிக்குள் எழுதியாக வேண்டும். 22 மீட்டர் படகு நிற்கத் துறைக்கு 30 மீட்டராவது வேண்டும். 3 கி.மீ. நீளத்தில் பாலம், லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவிட்ட தொட்டி), குறுகல் போக 2.4 கி.மீ. மிஞ்சினால் ஒரு கரையில் 80 துறைகள்தான். இந்த உச்சவரம்பை எழுதாவிட்டால் கணினி அதே கரையில் 400 ஆலைகளைக் குடியேற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் முகப்பு தீர்ந்ததும் ஆலைக்காரர்கள் கிளை வெட்டினார்கள். மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியில் 1798இல் எழத் தொடங்கிய மர்ரே ஆலைகளின் நடுமுற்றத்தில் ஒரு படகுக் குளமே உண்டு. ரோச்டேல் கால்வாயிலிருந்து தெருவுக்கு அடியில் சுரங்கம் போட்டு அதற்குப் படகைக் கொண்டுவந்தார்கள். ஆகவே முகப்பு ஒரு விலையோடு நீளும் சரக்கு. புதிய கிளை வெட்டும் செலவு கரையோர மனை விலைக்குக் கீழே இறங்கும்போது மாதிரி தானாகவே கிளை வெட்டட்டும்.

போக்குவரத்தின் மற்றொரு உச்சவரம்பு லாக். ஒரு குறுகிய லாக்கில் ஒரு படகு ஏறி இறங்க 15 நிமிடம் என்றால் 12 மணி நேரப் பகலில் 48 படகுகள். பாதி வெறுமையாகத் திரும்புபவை. 25 டன் வீதம் நாளுக்கு 600 டன்தான் நகரத்துக்குள் நுழையும். இதற்கு மேல் ஆலைகள் பெருகினால் வரிசை நீளும், காத்திருப்புச் செலவு ஏறும். அந்த ஏற்றம் நேர்கோடாக வராது. பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் திடீரென்று கழுத்தைப் பிடிக்கும்.

இனி நீருக்கான மல்லுக்கட்டு. 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் இறக்கம் உள்ள லாக் ஒருமுறை நிரம்பிக் காலியாகச் சுமார் 120 கன மீட்டர் நீர் கீழே போகிறது. 48 முறைக்கு 5,760. பெரிய எண்ணாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு சிறிய நீர்ச்சக்கர ஆலையை வையுங்கள். நொடிக்கு 1 கன மீட்டர் ஓட்டம், 3 மீட்டர் வீழ்ச்சி, 70 சதவீதத் திறன் என்றால் கிடைப்பது சுமார் 20 கிலோவாட். 12 மணி நேரத்தில் அது இழுப்பது 43,200 கன மீட்டர். நாள் முழுக்க ஓயாமல் இயங்கும் லாக்கைப் போல ஏழரை மடங்கு. லோவெலில் நீர்விசையை விற்ற அலகுக்கே 'மில் பவர்' என்று பெயர்: 30 அடி வீழ்ச்சியில் நொடிக்கு 25 கன அடி. பெருக்கிப் பார்த்தால் இழப்பைக் கழிக்காமல் சுமார் 63 கிலோவாட். ஒரு பஞ்சாலை இப்படிப் பல அலகுகளை வாங்கும்.

மாண்ட்ரியலின் லஷீன் கால்வாய் 1825இல் படகுக்காகத்தான் திறக்கப்பட்டது. 1840களில் அகலப்படுத்தியபோது லாக்குகளின் அருகே இருந்த வீழ்ச்சியை ஆலைகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மாவாலை, ஆணி ஆலை என்று வரிசையாக வந்தன. ஆலைகள் இழுக்க இழுக்கக் கால்வாயில் நீரோட்டம் வேகம் பிடித்தது, மட்டம் இறங்கியது, படகோட்டிகள் முணுமுணுத்தார்கள். மாதிரியில் இதைக் காட்ட ஆண்டுச் சராசரி நீரளவு உதவாது. ஆலை கட்டுபவர் பார்ப்பது வறண்ட மாதத்தை. ஆலை அமைவிடத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், நீர் இருப்புக் கணக்கு மாதவாரியாக ஓட வேண்டும். முடிந்தால் நாள்வாரியாக. பனி உறையும் நகரமென்றால் குளிர்கால மாதங்களில் போக்குவரத்து சுழியம் என்பதையும், அந்த மாதங்களுக்கான நிலக்கரியைக் குவித்து வைக்க மனையில் இடம் வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

நீராவி எந்திரம் வந்ததும் கால்வாய் தேவையற்றுப் போயிற்று என்று எண்ணுபவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. ஒரு கிலோ நீராவியை நீராக்க, 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாகும் குளிர்நீர் 22 லிட்டருக்குமேல் வேண்டும். மணிக்கு 1,500 கிலோ நீராவி தின்னும் பழைய எந்திரத்துக்கு 33 கன மீட்டர். நீர் செலவாவதில்லை, திரும்பக் கால்வாய்க்கே வருகிறது, ஆனால் சுடச்சுட. இரு லாக்குகளுக்கு இடையில் 2 கி.மீ. நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், அதாவது 30,000 கன மீட்டர் நிற்கும் நீரில் இப்படி 20 ஆலைகள் உட்கார்ந்தால், மேற்பரப்பில் போகும் வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால், ஒரே பகலில் வெப்பநிலை 6 டிகிரிக்கு மேல் ஏறும். குளிர்நீரே சூடாக இருந்தால் நீராவியை நீராக்கும் கண்டென்சரில் வெற்றிடம் சரியாகப் பிடிக்காது, அதே வேலைக்குக் கரி கூடும். இருபதாவது ஆலை தன் செலவை மட்டுமல்லாமல் முன்பிருந்த பத்தொன்பதின் செலவையும் ஏற்றிவிடுகிறது. ஆலைகள் ஒன்றுகூடினால் எல்லோருக்கும் நன்மை என்ற திரட்சிக் கெழுவை மட்டும் வைத்திருக்கும் மாதிரி இங்கே குறியையே தப்பாகப் போடும்.

கழிவின் கணக்கும் இதே வகை. இதில் நீர் முழுதாக மாற ஆகும் தேங்கு காலம்தான் சூத்திரதாரி. 3 கி.மீ. நீளம், 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள முட்டுச்சந்துக் கால்வாயில் 2,70,000 கன மீட்டர் நீர் நிற்கும். நொடிக்கு 0.1 கன மீட்டர்தான் உள்ளே வருகிறது என்றால் அது முழுதாக மாற 31 நாள். 20 டிகிரியில் கரிமக் கழிவு தன் ஆக்சிஜன் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை 5 நாளிலேயே எடுத்துக்கொள்ளும். ஆக, கொட்டிய அத்தனையும் அங்கேயே அழுகும். அதே கால்வாயில் நொடிக்கு 5 கன மீட்டர் ஓடினால் 15 மணி நேரத்தில் நீர் மாறிவிடும், அழுகல் கீழேயுள்ள ஊருக்குப் போகும். புரூக்ளினின் கோவானஸ் கால்வாய், சுமார் 2.9 கி.மீ. நீளம், இப்படிப்பட்ட முட்டுச்சந்து. 1911இல் சுரங்கம் போட்டு நீர் செலுத்தி அலசிவிட்டார்கள். 1960களில் அந்தப் பொறி பழுதாகி 1999 வரை ஓடவில்லை. சிகாகோவிலோ 1900இல் திறந்த கழிவுநீர்க் கப்பல் கால்வாய் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, ஏரியைக் காப்பாற்றிக் கழிவை மேற்கே அனுப்பியது.

ஆக்சிஜன் குறைவைக் கணிக்க 1925இல் ஓஹியோ ஆற்றுக்காக ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதிய சமன்பாடு போதும். பெரிய மென்பொருள் தேவையில்லை. அதைவிட முக்கியம், விடையை ஆலைத் தேர்வுக்குள் திருப்பி அனுப்புவது. நீர் கெட்டதும் எல்லா ஆலையும் ஓடிப்போவதில்லை. வெளுப்பவர், சாயமிடுபவர், காகிதம் செய்பவர் மேல்நோக்கி நகர்வார்கள் அல்லது கிணறு தோண்டுவார்கள். எரிவாயு ஆலை, தார் காய்ச்சுமிடம், கரிக்கிடங்கு, சிமெண்ட் கலவைத் தொட்டிக்கு நீரின் நிறம் பொருட்டில்லை, அவை தங்கும். மொத்த வேலைவாய்ப்பு ஏறிக்கொண்டே இருக்கும்போதே தொழிலின் வகை மாறிவிடுகிறது. ஆலைகளை ஒரே எண்ணாகக் கூட்டினால் இந்த மாற்றம் கண்ணில் படாது. குறைந்தது நான்கு வகைகளாகப் பிரியுங்கள்: எடை அதிகமுள்ள மூலப்பொருள் தொழில், நல்ல நீர் கேட்கும் தொழில், விசை மட்டும் கேட்கும் தொழில், இடம் மட்டும் கேட்கும் தொழில்.

தூர்வாரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுவோ கால்வாய்த் தொழிலின் முழு வீழ்ச்சியையும் இயக்கும் அச்சு. குறுகிய படகின் மிதவைப் பரப்பு சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆழம் குறைந்தால் 0.4 டன் சரக்கைக் குறைத்தாக வேண்டும். 25 செ.மீ. வண்டல் படிந்தால் 10 டன் போய்விட்டது. 25 டன் ஏற்றிய படகு 15 டன்தான் ஏற்றும், ஆளும் குதிரையும் அதே. டன்னுக்கான இழுவைச் செலவு மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. இப்போது சங்கிலியைப் பாருங்கள். ரயில் வந்து சரக்கில் ஒரு பகுதியை எடுக்கிறது, படகுகள் கட்டும் சுங்க வருமானம் இறங்குகிறது, தூர்வாரும் பணம் குறைகிறது, வண்டல் ஏறுகிறது, படகுக்கூலி உயர்கிறது, இன்னும் சரக்கு ரயிலுக்குப் போகிறது. சமன்பாடாக எழுதினால் ஒரே வரி: அடுத்த ஆண்டு ஆழம் என்பது இந்த ஆண்டு ஆழத்திலிருந்து படிவைக் கழித்துத் தூர்வாரியதைக் கூட்டியது, தூர்வாரியது சுங்கத்தைப் பொறுத்தது. இந்த ஒரு வரி இல்லாமல் ரயிலின் வரவை வெறும் போட்டி விலையாகக் காட்டினால், வீழ்ச்சி நிஜத்தைவிட மெதுவாகவும் மென்மையாகவும் வரும்.

தரவு பற்றி. வட அமெரிக்க நகரங்களுக்கு 1867இல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் பொக்கிஷம். அங்குலத்துக்கு 50 அடி அளவில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள் என்று நிறமிட்டு, கொதிகலன் எங்கே, எரிபொருள் என்ன, விசை எது என்று குறித்திருப்பார்கள். மற்ற ஊர்களுக்கு வரிப் பதிவேடும் வணிகக் கையேடும். இரண்டு கண்ணிகளைக் கவனியுங்கள். கதவு எண்கள் இடையில் மாற்றப்பட்டிருக்கும், ஆகவே ஒரே ஆலை அடுத்த பதிப்பில் வேறு இடத்துக்குத் தாவியதுபோல் தெரியும். கையேட்டில் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் அலுவலக முகவரி, ஆலை வேறெங்கோ இருக்கும். வட்டாரவாரியாகக் கூட்டிய எண்ணிக்கையை நம்பி இறங்காதீர்கள். வட்டார எல்லையே பல நகரங்களில் கால்வாயின் நடுவில்தான் ஓடுகிறது, இரு கரையும் வெவ்வேறு கணக்கில் விழுந்துவிடும்.

கடினமான கேள்வி காரணகாரியம். ஆலை இருக்கும் இடத்துக்குக் கால்வாய் வந்ததா, கால்வாய் வந்ததால் ஆலை வந்ததா? 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வொர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கத்தையும் மான்செஸ்டரையும் இணைத்தபோது அங்கே கரியின் விலை ஏறக்குறையப் பாதியானது. ஆனால் மான்செஸ்டரில் ஏற்கெனவே வாங்குபவர்கள் இருந்ததால்தானே அங்கே வெட்டினார்கள்! இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டு மிகக் குறைந்த செலவில் எந்தத் தடத்தில் வெட்டியிருக்கலாம் என்று கணக்கிட்டு, உண்மைத் தடத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துவது. இரு பெரிய முனைகளுக்கு நடுவே தற்செயலாகக் கால்வாய் கடந்துபோன இடங்களை மட்டும் எடுத்து ஆராய்வதும் நல்லது. ஓர் எச்சரிக்கை: தாழ்வான தட்டை நிலம் தொழிலுக்குத் தானாகவே மலிவான மனை. சரிவைத் தனி மாறியாக வைக்காவிட்டால் மனையின் பலனும் கால்வாயின் பேரில் எழுதப்பட்டுவிடும்.

ரயிலைப் பிரிப்பது இதைவிடச் சிக்கல். சிகாகோவில் இல்லினாய் – மிச்சிகன் கால்வாய் 1848 ஏப்ரலில் திறந்தது, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் நகரத்தின் முதல் ரயில் ஓடியது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த தரவை வைத்து இந்த இரண்டையும் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. ரயில் எட்டாத கரையையும் எட்டிய கரையையும் மனைவாரியாக ஒப்பிடுவது ஓரளவு உதவும். மூடிய கால்வாய்களும் உதவும். லஷீன் 1970இல் கப்பலுக்கு மூடப்பட்டது. அதற்கு மாற்றான பெரிய கப்பல் வழியான செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959இலேயே வந்துவிட்டதால், அந்த இடைவெளியில் எந்த ஆலை எப்போது போனது என்பது, அது கால்வாயிடமிருந்து எந்தச் சேவையை வாங்கிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அளவுருக்களைப் பொருத்தும் வரிசையும் முக்கியம். ஆழம், லாக் நேரம், குளிர்நீர், தேங்கு காலம் ஆகியவை இயற்பியல், அவற்றை அளந்து உறையவைத்துவிடுங்கள். படகுக்கூலி, வண்டிக்கூலி சுங்க அட்டவணையிலிருந்து வரட்டும். மிஞ்சுவது மூன்றே மூன்று: செலவு வித்தியாசத்துக்கு ஆலைக்காரர் எவ்வளவு அசைவார், பக்கத்து ஆலை எவ்வளவு ஈர்க்கும், ஒருமுறை கட்டிய ஆலை நட்டத்திலும் எத்தனை காலம் தாங்கும். இவற்றை மட்டும் தரவோடு பொருத்துங்கள். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் பொருத்தினால் மாதிரி எந்த நகரத்துக்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. மூன்றாவது அளவுரு பெரும்பாலும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. செங்கல்லும் கொதிகலனும் போட்ட பணம் போட்டதுதான் என்பதால், வந்த காரணம் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும் ஆலை நின்றுகொண்டிருக்கும். 1950இன் வரைபடத்தில் கரையோரம் தெரியும் அடர்த்தியைப் பார்த்து 1950இல் கால்வாய்க்கு மதிப்பிருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய ஆலைகளை விட்டுவிட்டு, அந்தப் பத்தாண்டில் புதிதாக வந்தவை எங்கே உட்கார்ந்தன என்று மட்டும் பாருங்கள்.

சோதிக்கும்போது ரயிலுக்கு முந்தைய ஆண்டுகளில் பொருத்தி, பிந்தைய ஆண்டுகளைக் கணிக்கச் சொல்லுங்கள். நகரத்தின் மொத்த எண்ணிக்கை ஒத்துவந்தால் மகிழ வேண்டாம், அது எளிது. கரையோரத்தின் பங்கு, நான்கு வகைகளின் விகிதம், சுங்க வருமானம் என்று மூன்றும் ஒரே ஓட்டத்தில் ஒத்துவர வேண்டும். சுங்கம் பொருந்தாமல் ஆலை எண்ணிக்கை மட்டும் பொருந்தினால், திரட்சிக் கெழு கால்வாயின் வேலையைத் திருடிச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: கால்வாயே இல்லாதிருந்தால்? தரவிலிருந்து கால்வாயை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் வரும் எண் எப்போதும் மிகையாகவே இருக்கும். கால்வாய் இல்லாத நகரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்காது. சாலையைச் செப்பனிட்டிருக்கும், ரயிலைச் சில ஆண்டு முன்னதாகக் கேட்டிருக்கும், ஆலைகள் சுரங்கத்தருகே போயிருக்கும். அதனால் மூன்று ஓட்டங்கள் தேவை: சாலை அப்படியே இருக்கும் ஓட்டம், கால்வாய்க்குச் செலவான பணம் சாலைக்குப் போகும் ஓட்டம், ரயில் 10 ஆண்டு முன்னதாக வரும் ஓட்டம். மூன்றின் விடையையும் வரம்பாகவே வெளியிடுங்கள். வகைவாரியாகப் பிரித்தால் அந்த வரம்பு ஒரே அகலத்தில் இருக்காது. கரி தின்னும் ஆலைகளுக்கு அது விரிந்து கிடக்கும், ஏனென்றால் அவற்றின் விதி ரயில் எப்போது வந்தது என்பதில் தொங்குகிறது. நீர் கேட்கும் ஆலைகளுக்கு மூன்று ஓட்டமும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். ரயில் எவ்வளவு விரைவில் வந்தாலும் நொடிக்கு 1 கன மீட்டர் நீரைச் சுமந்து வராது.